நெஸெபர் பழைய ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பல்கேரியாவின் கருங்கடல் கரையில் இருக்கிற நெஸெபருக்குப் போய்விட்டு வந்து, "ஒரே கடை, ஒரே கூட்டம், வேறொன்றும் இல்லை" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜூலையிலோ ஆகஸ்டிலோ, பக்கத்து சன்னி பீச்சிலிருந்து காலை பதினொன்றுக்கு வந்து இறங்கி, உச்சி வெயிலில் பெரிய தெருவில் ஒரு நடை நடந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, நாலு மணிக்குக் கிளம்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் அந்த ஊரில் மனிதர்களின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. என் யோசனை ஒன்றுதான்: பழைய ஊருக்குள்ளேயே ஓர் இரவாவது தங்குங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பகல் கூட்டம் வடிய ஆரம்பிக்கும், மறுநாள் காலை ஒன்பதரை வரை தெருக்கள் உங்களுடையவை.

ஊர் ரொம்பச் சின்னது. ஏறத்தாழ 850 மீட்டர் நீளம், 350 மீட்டர் அகலம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைத் திட்டு, அதைக் கரையோடு சேர்க்கும் 400 மீட்டர் குறுகலான பாதை, அவ்வளவுதான். இந்தக் கையகல இடத்துக்காகத்தான் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் அந்தப் பகுதியின் பழங்குடிகளான திரேசியர்கள்; கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மெகாரா என்ற கிரேக்க நகரப் பக்கமிருந்து வந்த டோரிய கிரேக்கர்கள் இதை மெசெம்ப்ரியா என்ற நகரமாக ஆக்கினார்கள், கி.மு. 72இல் ரோமர்கள் பிடித்தார்கள், அப்புறம் பைசாந்தியம், அதாவது கிழக்கு ரோமப் பேரரசு. 812இல் பல்கேரிய அரசன் க்ரும் இதைக் கைப்பற்றியபோது இங்கேயும் டெபெல்டோஸ் கோட்டையிலும் சேர்த்து 36 நெருப்புக் குழாய்களும் 'கிரேக்க நெருப்பு' என்ற எரிதிரவமும் அவன் கையில் சிக்கின என்று அந்தக் காலத்து பைசாந்திய வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். 1366இல் சவோய் பிரபு ஆறாம் அமடேயோ படையோடு வந்து பிடித்து மறுபடி பைசாந்தியருக்குக் கொடுத்தார். 1453இல் கான்ஸ்டான்டினோபிள் விழுந்த அதே வருஷம் இதுவும் ஒட்டோமானியர் கைக்குப் போனது. 1983இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. போகும் முன் இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சம் சுவர்களிலேயே இருக்கிறது.

எந்த மாதம்

மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, இல்லாவிட்டால் செப்டம்பர். கடலில் இறங்க வேண்டும் என்றால் செப்டம்பர்தான், கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் அப்போதும் இதமாக இருக்கும், கூட்டம் பாதியாகியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் போயே ஆக வேண்டிய நிலை என்றாலும் பரவாயில்லை, நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே ஐந்தரை மணி வாக்கில் விடிந்துவிடும், இரவு எட்டே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும், அதனால் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை அறையில் படுத்துத் தூங்கினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. குளிர்காலத்தில் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும், தேவாலய அருங்காட்சியகங்கள் பலவும் அப்படியே. ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள், ஊரே நிரம்பும், அதைப் பார்க்கவே போகிறவர்கள் அறையை ரொம்ப முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும்.

போய்ச் சேர்வது

பல்கேரியா 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஏற்கெனவே வேறு ஷெங்கன் நாட்டின் செல்லுபடியாகும் விசாவில் பயணம் செய்துகொண்டிருந்தால் அதிலேயே உள்ளே போகலாம், தனியாக எடுக்கத் தேவையில்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடைக்கு நேரம் கேட்டு வரிசையில் நிற்பவர்கள் ஏராளம், ஆகவே விண்ணப்பத்தை மார்ச்சிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. தோஹா, துபாய் ஆகிய ஊர்களில் ஒன்றில் மாறி சோஃபியா போவதுதான் சுலபம். நெஸெபருக்கு அருகில் இருக்கும் விமான நிலையம் புர்காஸ், சுமார் 25 கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே கோடையில்தான் விமானங்கள் அதிகம், அதுவும் பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களிலிருந்து. லண்டனிலோ ஜெர்மனியிலோ இருக்கிற நம்மவர்களுக்கு அது வசதி. சோஃபியாவில் இறங்குபவர்கள் அங்கிருந்து புர்காஸுக்கு ரயிலிலோ பேருந்திலோ வரலாம். பேருந்து ஆறு மணி நேரம் போல, ரயில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நான் ரயிலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன், கால் நீட்டலாம், சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கலாம், வழியில் திரேசிய சமவெளி முழுக்க சூரியகாந்தி வயல்கள். அவசரக்காரர்களுக்குப் பேருந்து.

புர்காஸில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே 'யூக்' என்று சொல்லப்படும் தெற்குப் பேருந்து நிலையம். நெஸெபர், சன்னி பீச் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்பும். கோடையில் அடிக்கடி உண்டு. ஏறும்போதே ஓட்டுநரிடம் "ஸ்தாரியா க்ராத்" என்று சொல்லுங்கள், பழைய ஊர் என்று பொருள். இல்லாவிட்டால் கரைப்பக்கம் இருக்கும் புது நெஸெபரின் அடுக்குமாடிகளுக்கு நடுவே இறக்கிவிட்டுப் போய்விடுவார், அங்கிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டியிருக்கும்.

டாக்ஸி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். கடலோர ஊர்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு ரேட். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும், அதை ஏறும் முன் படியுங்கள், ஏறிய பின் படித்துப் புண்ணியமில்லை. பிரபல நிறுவனத்தின் பெயரையும் நிறத்தையும் லேசாக மாற்றி ஓட்டுகிற வண்டிகளும் அந்த நாட்டில் பழைய கதை. தங்கும் விடுதிக்காரரிடமே சொல்லி வண்டி அனுப்பச் சொல்வது மேல்.

சொந்தமாகக் கார் எடுத்து வருகிறவர்கள் பழைய ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். வெளி வண்டிகளுக்கு உள்ளே கட்டுப்பாடு, திட்டுக்குப் போகும் குறுகலான பாதைக்கு முன்னாலேயே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட வேண்டியதுதான்.

பணம்

2026 ஜனவரி 1 முதல் அங்கே யூரோதான். பழைய வழிகாட்டிகளில் அந்த நாட்டின் முந்தைய நாணயமான லெவ் கணக்கில் விலை இருந்தால் ஏறக்குறைய இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள் (ஒரு யூரோவுக்கு 1.95583 லெவ் என்று நிலையாக வைத்திருந்தார்கள்). யாராவது மீதிச் சில்லறையை லெவ்வில் கொடுத்தால் வாங்காதீர்கள், கடையில் அது இனிச் செல்லாது. ஏ.டி.எம்மில் "ரூபாய் கணக்கில் மாற்றித் தரட்டுமா" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம். கார்டு பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் பேருந்துக்கும், தெருவோரம் பின்னல் துணி விற்கிற பாட்டிகளுக்கும் சில்லறை வேண்டும்.

தங்குவது

பழைய ஊருக்குள் பெரிய ஹோட்டல்கள் குறைவு, வீடுகளின் மேல்மாடியில் நாலைந்து அறை வைத்து நடத்துகிற விருந்தினர் இல்லங்கள்தான் அதிகம். அதுதான் நல்லதும். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: முகவரியில் நெஸெபர் என்று இருந்தால் மட்டும் போதாது, வரைபடத்தில் திட்டுக்கு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். "பழைய ஊருக்கு ஐந்து நிமிடம்" என்று போட்டிருப்பார்கள், அது கார் ஓட்டினால் ஐந்து நிமிடம். துறைமுகப் பக்கம், அதாவது தெற்கு, இரவில் சாப்பாட்டுக் கடைகளின் பாட்டுச் சத்தம் வரும். வடக்குக் கரை அமைதி, ஆனால் எதிரே வளைகுடாவின் மறுபக்கத்தில் சன்னி பீச்சின் ஹோட்டல் விளக்குகள் விடிய விடிய மின்னும். எனக்கு வடக்குதான்.

தெருவெல்லாம் உருளைக்கல் பாவியது. சக்கரப் பெட்டி அதில் ஓடாது, கத்தும். முதுகுப் பையோடு போங்கள். மெல்லிய செருப்புக்கும் அது ஆகாத தரை, வயதானவர்களைக் கூட்டிப் போனால் அடி தடித்த ஷூ கட்டாயம். ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை, கரைக்கு இறங்குகிற படிகள் மட்டும் செங்குத்து.

முதல் காலை: சுற்றி வாருங்கள்

எடுத்த எடுப்பில் பெரிய தெருவில் நுழைய வேண்டாம். விடியற்காலையில் எழுந்து திட்டின் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று வாருங்கள். நிதானமாக நடந்து, அங்கங்கே நின்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கரையையும் திட்டையும் சேர்க்கும் பாதையின் நடுவில் நிற்கிற மரக் காற்றாலையிலிருந்து ஆரம்பித்தால் நேரே கோட்டை வாசல் வரும். 5ஆம் நூற்றாண்டுச் சுவர். கல் சில வரிசை, செங்கல் சில வரிசை என்று மாற்றி மாற்றி வைத்துக் கட்டியது. இதைக் கண்ணில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், ஊர் முழுக்க இதே வரிசை பல வேஷத்தில் வரப்போகிறது.

வாசலிலிருந்து இடப்பக்கம் திரும்பி வடக்குக் கரையோடு போனால் கடலை ஒட்டி ஒரு பெரிய பசிலிக்காவின், அதாவது நீள் மண்டபத் தேவாலயத்தின், அடித்தளம், 6ஆம் நூற்றாண்டு, எலெயூசா மாதாவுக்கானது. அதன் வடபகுதி இப்போது கடலில். இந்த ஊரின் பழைய பரப்பில் கணிசமான பகுதி நிலச் சரிவிலும் அலை அரிப்பிலும் தண்ணீருக்குள் போய்விட்டது. 1960களிலிருந்து தொல்லியலாளர்கள் முக்குளித்து மதில்களையும் கோபுர அடிகளையும் தேடி வரைந்திருக்கிறார்கள். காற்று இல்லாத காலையில் கரையிலிருந்தே பார்க்கலாம், தண்ணீருக்கு அடியில் வெட்டுக்கற்கள் கிடக்கும். கருங்கடலில் அலையேற்ற இறக்கம் அனேகமாக இல்லை என்பதால் எந்த நேரம் போனாலும் நீர்மட்டம் அதேதான், காற்றுதான் முக்கியம்.

கிழக்கு முனையைச் சுற்றித் தெற்கே வந்தால் குன்றின் விளிம்பில் துறைமுகத்தைப் பார்த்தபடி புனித யோவான் அலிதுர்கெதோஸ் தேவாலயம் நிற்கும், 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பூசையே நடக்காத தேவாலயம் என்பதால் அந்தப் பெயர். கட்டும்போது வேலையாள் ஒருவர் விழுந்து இறந்தார், அதனால் திருநிலைப்படுத்தவில்லை என்று ஊரில் சொல்வார்கள். கதை எப்படியோ, 1913 நிலநடுக்கத்தில் நன்றாக அடிபட்டும் மிஞ்சி நிற்கிற அதன் வெளிச்சுவர்தான் இந்த ஊரின் உச்சம் என்பது என் கட்சி. காலை வெயில் கிழக்கிலிருந்து நேராக அரைவட்டச் சுவர்களின் மேல் விழும், புகைப்படம் எடுக்கிறவர்கள் அந்த நேரத்தைத் தவற விடாதீர்கள்.

தேவாலயங்கள்: உள்ளே போகும் முன் வெளியே நில்லுங்கள்

நாற்பது தேவாலயம் இருந்த ஊர் என்று பெருமையடிப்பார்கள். இன்று முழுதாகவும் இடிபாடாகவும் கண்ணில் படுவதில் பத்துப் பன்னிரண்டை ஆற அமரப் பார்த்தால் போதும். சிலது கட்டண அருங்காட்சியகம், சிலது கலைக்கூடம், சிலது திறந்தவெளி இடிபாடு. கோட்டை வாசலைத் தாண்டியதும் வலப்பக்கம் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கலாம். ஒவ்வொன்றாக வாங்குவதைவிட அது மலிவு. எந்தெந்தத் தேவாலயம் அன்று திறந்திருக்கிறது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், சீசன் முடிய முடிய ஒவ்வொன்றாக மூடுவார்கள்.

அருங்காட்சியகத்தில் முதல் அறைகளில் மெசெம்ப்ரியாவின் காசுகளைத் தேடிப் பாருங்கள். ஒருபக்கம் நேர்முகமாகப் பார்க்கிற தலைக்கவசம், மறுபக்கம் நாலு ஆரக்கால் சக்கரம், ஆரங்களுக்கு நடுவே நகரப் பெயரின் எழுத்துகள். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். 1441இல் இறந்த பைசாந்திய அரச குடும்பப் பெண் மட்டைசா கன்டகுசேனாவின் கல்லறைக் கல்லும் இங்கேதான் இருக்கிறது, முன்பு அது இரட்சகர் தேவாலயத்தின் தரையில் கிடந்தது.

இனி சுவர்கள். பெரிய தெருவின் தொடக்கத்திலேயே வருவது கிறிஸ்து பாந்தோக்ரதோர் தேவாலயம், 13-14ஆம் நூற்றாண்டு. நேராகக் கதவுக்குப் போகாமல் பின்பக்கம் சுற்றிப் போய் நில்லுங்கள். வெள்ளைக் கல் வரிசை, சிவப்புச் செங்கல் வரிசை, அதன் மேல் வளைவுகள், வளைவுகளின் ஓரத்தில் மண்ணைச் சுட்டுப் பச்சை மெருகு பூசிய சின்னச் சின்ன வட்டத் தட்டுகளும் நாலிதழ்ப் பூக்களும் காரையில் பதித்திருக்கும். பல இடத்தில் மெருகு போய்விட்டது, ஈரமான நாளில் பார்த்தால் மிஞ்சிய பச்சை பளிச்சென்று தெரியும். கிழக்குச் சுவரில் செங்கலாலேயே அமைத்த ஸ்வஸ்திகா வரிசை ஒன்று ஓடும், நம் ஊர் ஆட்கள் எல்லோரும் அங்கே ஒரு நொடி நின்று மேலும் கீழும் பார்ப்பார்கள். பயப்படவோ பெருமைப்படவோ ஒன்றும் இல்லை, பழைய சூரியச் சின்னம், பைசாந்தியக் கொத்தர்களுக்குப் பழக்கமான அலங்காரம்.

இந்த அலங்காரம் எல்லாம் வெளிச்சுவரில்தான், கடலிலிருந்தும் தெருவிலிருந்தும் பார்க்கிறவர்களுக்காக. புனித பரஸ்கேவா, தேவதூதர்கள் மிக்காயேல் கபிரியேல், யோவான் அலிதுர்கெதோஸ் மூன்றையும் இதே கண்ணோடு சுற்றி வந்தால் எந்தச் சுவரில் கொத்தர் ரசித்துச் செய்திருக்கிறார், எதில் அவசரப்பட்டிருக்கிறார் என்று உங்களுக்கே பிடிபடும். சதுரங்கக் கட்டம், மீன் முள் வரிசை, கதிர் விரிந்த சூரியன் எல்லாம் வெறும் செங்கலைத் திருப்பி வைத்துச் செய்த வேலை. 11ஆம் நூற்றாண்டின் திருமுழுக்கு யோவான் தேவாலயம் இவற்றுக்கு நேர் எதிர், உருளைக்கல்லை அடுக்கிக் காரை பூசியதோடு சரி, ஒரு பூகூட இல்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் நடுவில் இருநூறு முந்நூறு வருஷத்தில் ஊருக்கு எவ்வளவு பணம் வந்திருக்கிறது என்று புரியும்.

உள்ளே போய்ப் பார்த்தே ஆக வேண்டியது புனித ஸ்தேவான் தேவாலயம், புதிய பேராலயம் என்றும் சொல்வார்கள். 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி பல முறை நீட்டிக் கட்டியது. சுவர் முழுக்க, தூண் முழுக்க ஓவியம், பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள். முதல் இரண்டு நிமிடம் இருட்டில் ஒன்றும் தெரியாது, கண் பழகும் வரை சும்மா நில்லுங்கள். மேற்கு முன்மண்டபத்தில் 18ஆம் நூற்றாண்டு இறுதித் தீர்ப்பு ஓவியம், பாவிகளுக்கு என்னென்ன நடக்கிறது என்பதை வரைந்தவர் விஸ்தாரமாகவே வரைந்திருக்கிறார். ஃபிளாஷ் வேண்டாம். ஊரின் சில தேவாலயச் சுவர்களில் மாலுமிகள் கூர்முனையால் கீறிய கப்பல் படங்கள் இருக்கின்றன, பாய்மரமும் கயிறும்கூடத் தெரியும். பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்ற நேர்த்திக்கடன் போலத்தான். விளக்கொளி பக்கவாட்டில் விழும்போதுதான் கோடு தெரியும், காவலரிடம் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்.

1609இல் ஒட்டோமானியர் காலத்தில் கட்டிய இரட்சகர் தேவாலயம் தெருமட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், வெளியே இருந்து பார்த்தால் தானியக் கிடங்கு என்று தாண்டிப் போய்விடுவீர்கள். கிறிஸ்தவக் கட்டடங்கள் உயர்ந்து நிற்கக் கூடாது என்றிருந்த காலம். உள்ளே ஓவியம் உண்டு. ஊர் நடுவே கூரையில்லாமல் நிற்கும் பழைய பேராலயம், அதாவது புனித சோஃபியா, 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. கட்டணம் கிடையாது, எந்நேரமும் போகலாம். இரண்டடுக்கு வளைவுகள் இன்னும் நிற்கின்றன. 1257இல் வெனிஸ்காரர்கள் ஊரைச் சூறையாடியபோது இங்குள்ள தேவாலயங்களிலிருந்து புனிதப் பொருள்களை அள்ளிக்கொண்டு போனார்கள், புனித தியோடரின் எலும்புகள் வெனிஸில் ஒரு தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பகலில் இந்த இடம் பூனைக்கும் செல்ஃபிக்கும். இரவு பத்து மணிக்கு விளக்குப் போட்டிருக்கும்போது போங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து தேவாலயத்துக்கு மேல் திணிக்காதீர்கள், எல்லாம் ஒன்றுபோலக் குழம்பிவிடும்.

வீடுகள்

தேவாலயம் பார்க்க வந்து வீடுகளைக் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். 19ஆம் நூற்றாண்டு வீடுகள் ஒரே சூத்திரத்தில் கட்டியவை: கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம், மேல்தளம் தெருவுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கீழே மது ஜாடியும் மீன்பிடிச் சாமானும், மேலே குடும்பம். எதிரெதிர் வீட்டு மாடிகள் சில சந்துகளில் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும். 1840இல் ஒரு வணிகர் கட்டிய மொஸ்கோயானி வீடு இப்போது இனவரைவியல் அருங்காட்சியகம், அதற்குள் போனால் மர உத்தரமும் உள்கூரையும் கிட்டத்தில் பார்க்கலாம். இந்த வீடுகளின் கீழ்த்தளம் எல்லாம் கடையாகி, முன்னால் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருப்பதும், புதுக் கட்டுமானங்களும் யுனெஸ்கோவைப் பலமுறை கவலைப்பட வைத்திருக்கின்றன. நியாயமான கவலைதான்.

சாப்பாடு

மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். முழு மீனுக்குப் பெரும்பாலும் 100 கிராம் விலைதான் எழுதியிருக்கும், தட்டு விலை என்று நினைத்து ஆர்டர் செய்துவிட்டு பில்லைப் பார்த்து முழிக்க வேண்டாம், எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். ரொட்டிக்குத் தனிக் காசு. டிப்ஸ் பத்து சதவீதம் வைத்தால் தாராளம்.

அங்கே சாப்பிட வேண்டியது 'த்ஸாத்ஸா'. விரலளவு மீன், மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து எலுமிச்சையோடு தருவார்கள், நெத்திலி வறுவல் மாதிரி தலையோடு வாலோடு அப்படியே வாயில் போடலாம். மிளகாய்த்தூள் இல்லாததுதான் குறை. பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. சிப்பியும் நன்றாக இருக்கும். 'கல்கான்' என்ற பெரிய தட்டை மீன் விலை அதிகம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 15 வரை அதைப் பிடிக்கத் தடை, அந்தச் சமயத்தில் "இன்று காலை பிடித்தது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வேறு கேளுங்கள்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தக்காளி, வெள்ளரி, மேலே துருவிய வெள்ளைப் பாலாடைக்கட்டி போட்ட ஷோப்ஸ்கா சாலட், தயிர், வெள்ளரிக்காய், பூண்டு, சதகுப்பைக் கீரை சேர்த்துக் குளிரக் குளிரத் தரும் 'தாரதோர்', மதிய வெயிலுக்கு இதைவிட வேறு மருந்து இல்லை, சுட்ட குடைமிளகாய், மொச்சை வகையில் செய்யும் 'போப் சோர்பா' சூப். காலைக்குப் பாலாடைக்கட்டி வைத்து அடுக்கடுக்காகச் சுட்ட 'பனித்ஸா', கூடவே ஐரான் என்ற உப்பு மோர். திராட்சை இலையில் சுற்றிய 'சர்மி'யில் கறி இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். துறைமுகத்தைப் பார்த்த கடைகளில் காட்சிக்கும் சேர்த்துக் காசு வாங்குவார்கள். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிற கடைகளை நான் தாண்டிவிடுவேன், இரண்டு சந்து உள்ளே போனால் அதே மீன் குறைந்த விலையில்.

வாங்குவது

ரோஜா எண்ணெய் என்று மரக்குப்பியில் எல்லாக் கடையிலும் விற்பார்கள். ஒரு கிலோ எண்ணெய் எடுக்க மூன்றிலிருந்து நாலு டன் இதழ் வேண்டும், அப்புறம் இரண்டு யூரோவுக்கு எப்படிச் சுத்த எண்ணெய் கிடைக்கும்? வாசனைத் திரவியம் என்று நினைத்து வாங்கினால் மோசமில்லை. அதைவிடப் பன்னீர் வாங்குங்கள், அது நன்றாகவே இருக்கும், வீட்டில் உபயோகமும் உண்டு. பச்சை அத்திக்காயை முழுசாகப் பாகில் போட்ட ஜாம் இந்தக் கரையின் விசேஷம். பிராண்ட் பெயர் போட்ட கைப்பையும் வாட்சும் போலி என்று சொல்லத் தேவையில்லை.

கடலில் இறங்க

பழைய ஊரைச் சுற்றிப் பாறை, சின்ன மணல் திட்டு ஒன்றிரண்டு உண்டு. நிம்மதியாகக் குளிக்கப் பாதையைத் தாண்டிப் புது ஊர்ப் பக்கத் தெற்குக் கடற்கரை நல்லது, நீளமான மணல், பின்னால் மணல்மேடுகள். தண்ணீரில் உப்பு சமுத்திரத்தில் பாதிதான், கண் எரியாது. சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் இறங்கக் கூடாது. வெயில் அடித்தாலும் இழுப்பு இருக்கும், அலை சிறிதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

பேச்சும் தலையாட்டலும்

பல்கேரியர்கள் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள், இல்லை என்பதற்கு மேலே தூக்குவார்கள் அல்லது மேலும் கீழும் ஆட்டுவார்கள். நமக்கு முதல் பாதி பழக்கமானதுதான், இரண்டாம் பாதியில்தான் சிக்கல். போதாக்குறைக்கு, வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் சில இளைஞர்கள் உங்களுக்காக மாற்றி ஆட்டுவார்கள். ஆகவே தலையை நம்பாமல் வாய்ச்சொல்லைக் கேளுங்கள்: 'தா' ஆமாம், 'நே' இல்லை. வணக்கத்துக்கு 'டோபர் டென்', நன்றிக்கு 'மெர்சி' போதும், அவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பலகைகளில் சிரிலிக் எழுத்து. நாலு எழுத்து மட்டும் தெரிந்தால் பேருந்துப் பலகை படித்துவிடலாம்: ஆங்கில H போல இருப்பது ந, P போல இருப்பது ர, C போல இருப்பது ஸ, B போல இரட்டை வயிறு உள்ளது வ. H எழுத்தில் தொடங்கி நடுவில் C, கடைசியில் P என்று ஒரு பெயர் வந்தால் அது நெஸெபர்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்

புர்காஸுக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் சோஸோபோல் இருக்கிறது, இன்னொரு பழைய கடலோர ஊர், மிலேட்டஸ் நகரத்துக் கிரேக்கர்கள் அப்பொலோனியா என்ற பெயரில் நிறுவியது. அங்கே நின்ற பெரிய வெண்கல அப்பொலோ சிலையைக் கி.மு. 72இல் ரோமத் தளபதி லூகுல்லஸ் ரோமுக்குத் தூக்கிக்கொண்டு போனார். தேவாலயம் பார்க்க வேண்டும் என்றால் நெஸெபர், மர வீடும் கடல் குளியலும் போதும் என்றால் சோஸோபோல். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நெஸெபர். கோடையில் இரண்டுக்கும் நடுவே படகு ஓடும், காற்று பலமான நாளில் ரத்தாகும், ஆகவே அதே நாளில் விமானம் வைத்துக்கொண்டு படகை நம்பாதீர்கள்.

திரும்பும்போது வாசலுக்கு வெளியே இருக்கும் நிறுத்தத்திலேயே புர்காஸ் பேருந்தைப் பிடிக்கலாம். சன்னி பீச்சிலிருந்து வருகிற வண்டிகள் கோடைக் காலையில் நிரம்பியே வரும், நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெட்டியோடு போகிறவர்கள் ஒரு வண்டி முன்னதாகவே கிளம்புவது போலக் கணக்குப் போடுங்கள், கடைசி வண்டி நேரத்தை முந்தின நாளே ஓட்டுநரிடமோ விடுதிக்காரரிடமோ கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், செப்டம்பர் நடுவுக்குப் பிறகு அந்த நேரம் சட்டென்று முன்னால் வந்துவிடும்.